துர்க்கா காணாத புகையிரதம்

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1929இல் நூலுருப் பெற்ற நாள்முதல் சுயசரிதை நாவல் என்றே பேசப்பட்டு வருகிறது. காரணம் இல்லாமலில்லை. கதையில் வரும் ஹரிஹரனைப் போலவே ஆசிரியரின் தந்தையும் புராணம் சொல்லிப் பிழைத்த ஏழைப் பிராமணர். நிஷ்சிந்திபுரத்தின் மூங்கிற் புதர்களும் பாழடைந்த அவுரித் தொழிற்சாலையும் அவர் வளர்ந்த ஊர்ப்புறத்துக்கு உரியவையே. ஆனால், நாவலின் உயிராகிய அக்கா துர்க்கா? விபூதிபூஷணர் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர். அவருக்கு அக்கா இருந்ததேயில்லை.

அவ்வாறாயின் அம்மரணம் எங்கிருந்து வந்தது? மணமாகிச் சிறிது காலத்துள் மனைவி கௌரியை இழந்த துயரைக் காரணமாகக் காட்டலாம். அதை மறுப்பதற்கில்லை. எனினும் துர்க்காவைக் கொண்டுபோனது மலேரியாக் காய்ச்சல் என்பது இங்கு நோக்கற்பாலது. அக்காய்ச்சலுக்கு வங்காளத்தில் ஒரு வரலாறு உண்டு.

1862இல் கல்கத்தாவிலிருந்து நதியா மாவட்டத்தினூடே குஷ்தியா வரை புகையிரதப் பாதை போடப்பட்டது. தாழ்ந்த வயல்வெளியில் பாதை போடுவதென்றால் மண்ணணை எழுப்பியே ஆகவேண்டும். ஆண்டுதோறும் வண்டல் சுமந்து வந்து, குட்டைகளையும் வாய்க்கால்களையும் கழுவிச் சென்ற வெள்ளத்தை அவ்வணைகள் மறித்தன. நிலம் வளமிழந்தது, தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது. 1864இல் காய்ச்சலை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் இருந்த திகம்பர மித்திரர், நீரோட்டம் தடைப்பட்டதே காரணம் என்று வாதாடினார். நுளம்பே நோயைப் பரப்புகிறது என்பதை அன்று எவரும் அறியார்! 1925இல் வங்காளப் பொதுச் சுகாதாரப் பணிப்பாளர் பெண்ட்லி இதனை விரிவாக எழுதினார். வெள்ளை அதிகாரியே எழுதிய பின்னரும் அணைகள் அணைகளாகவே நின்றன.

இந்தப் புகையிரதத்தைத்தான் துர்க்கா காண விரும்பினாள். சத்யஜித் ராய் 1955இல் எடுத்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் வயலோரம் புகை கக்கி வரும் வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். நாவலில் அக்காட்சி இல்லை. அக்காவும் தம்பியும் பாதையைத் தேடி ஓடி, வழிதவறிச் சேற்றுநிலத்தில் அலைந்து, வெறுங்கையராய் வீடு திரும்புகின்றனர். பின்னர் நோய்ப்படுக்கையில் கிடந்தவள், தான் குணமானதும் புகையிரதத்தைக் காட்டும்படி அப்புவிடம் கேட்கிறாள். அவ்வளவே, ஆசிரியர் அதன்மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவள் இறந்தபின் அக்குடும்பம் ஊரைத் துறந்து காசிக்குப் புறப்படுகிறது. வண்டி நகர்கையில் அப்பு திரும்பிப் பார்க்கிறான். ஊரெல்லையில் அக்கா தனியே நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது.