பசியும் மாத்திரையும்: சில குறிப்புகள்

சர்க்கரை வந்தவரிடம் நம்ம ஊரில் முதலில் சொல்லும் புத்திமதி "வாயைக் கட்டு" என்பதுதான். மருந்து, பரிசோதனை எல்லாம் அப்புறம். எனக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதால் இந்த வார்த்தையை நிறையவே கேட்டாச்சு. வாயைக் கட்டும் வைத்தியம் எங்கிருந்து வந்தது, மாத்திரை வந்த பிறகு பசி என்ன ஆனது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன்.

1870இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. அப்போது அப்போலினேர் பூஷார்டா என்ற மருத்துவர், தன் நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் போகும் சர்க்கரை குறைந்ததையும் நின்றே போனதையும் கவனித்தார். பஞ்சம் நடத்திய பரிசோதனை என்று இதைச் சொல்லலாம். நேப்பிள்ஸில் அர்னால்டோ கன்டானி இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிகள் திருட்டுத்தனமாகச் சாப்பிடாமல் இருக்க அவர்களை அறையில் வைத்துப் பூட்டினார். வைத்தியர் நோயாளியைச் சந்தேகிக்கும் பழக்கம் அப்பவே வந்துடுச்சு.

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் ஆலன். 1914 முதல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் வேலை பார்த்தார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை பட்டினி, பிறகு உணவை அணு அணுவாகக் கூட்டுவது, மறுபடி சர்க்கரை தெரிந்தால் மறுபடி பட்டினி. இதுதான் அவர் முறை. காய்கறியைக்கூட மூன்று தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொடுப்பார்களாம், அதிலுள்ள மாவுச்சத்து போகட்டும் என்று. என்ன ருசி இருந்திருக்கும்! ஆலனிடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நோயால் பார்வை போனவன். அவனுக்கு யாரும் சாப்பாடு கொடுக்காமலே சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. விசாரித்தால், பற்பசையையும் கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தையும் எடுத்துத் தின்றிருக்கிறான். ஆலனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. 1922க்கு முன் அந்தப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க அவரிடம் வேறு வழி கிடையாது. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி அவர் வைத்தியத்தில் எலும்பும் தோலுமாகத்தான் உயிரோடு இருந்தாள். 1922 ஆகஸ்டில் டொரண்டோ போய் பான்டிங் கையால் இன்சுலின் போட்டுக்கொண்டு, 1981 வரை வாழ்ந்தாள்.

ஆனால் ஒன்று. அந்தச் சிறுவனுக்கும் எலிசபெத்துக்கும் வந்தது இன்று நாம் முதல் வகை என்று சொல்வது. நடு வயதில் பருத்த உடம்போடு வருபவரின் நோய் வேறு மாதிரி. ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் 1936இல்தான் இன்சுலினுக்குச் சரியாக இணங்கும் உடம்பு, இணங்காத உடம்பு என்று பிரித்துக் காட்டினார்.

இந்த இரண்டாம் வகைக்கான மாத்திரை தற்செயலாகக் கிடைத்தது. 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் டைஃபாய்டுக்காக ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சிலருக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கியது. சிலர் இறந்தும் போனார்கள். அதே ஊரின் ஓகுஸ்ட் லூபாத்தியேர் நாய்களில் சோதித்து, மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது என்று கண்டார். கணையத்தை எடுத்துவிட்ட நாயில் மருந்து வேலை செய்யவில்லை. 1950களில் டோல்புட்டமைட், பின்னால் நம் வீடுகளில் பேர் பெற்ற டயோனில், எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பசியின் கதை திரும்புவது இங்கேதான். இந்த மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், அகோரமாகப் பசிக்கும். என் அப்பா டயோனில் சாப்பிட்ட காலத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பார். "சர்க்கரையை வச்சுக்கிட்டு இந்த நாக்கு தேவையா?" என்று வீட்டில் எல்லாரும் திட்டுவோம். டாக்டரும் திட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் யாரும் சேர்த்து வைத்துக் கேட்கவில்லை. அது நாக்கு ருசியா, இறங்கிய சர்க்கரையா என்று இப்போது சொல்ல வழியில்லை. ரெண்டாவதாக இருக்கும் என்பதே என் ஊகம்.

மெட்ஃபார்மின் வந்த வழி தனி. ஐரோப்பாவில் காலேகா என்றொரு பழைய மூலிகைச் செடி உண்டு. அதிலுள்ள குவானிடைன் வகைச் சத்திலிருந்து கிளைத்த மருந்து இது. 1922இலேயே டப்ளினில் தயாரித்துவிட்டார்கள், ஆனால் கண்டுகொள்ள ஆளில்லை. 1957இல் ஷான் ஸ்டெர்ன் இதைச் சர்க்கரைக்குக் கொடுத்துப் பார்த்து, குளூக்கோஃபேஜ் என்று பெயரும் வைத்தார். குளூக்கோஸைத் தின்னி என்று அர்த்தம். நோயாளியைத் தின்னாதே என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்த துறை, கடைசியில் தின்கிற வேலையை மருந்துக்குக் கொடுத்தது! உண்மையில் அது எதையும் தின்பதில்லை, கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதை மட்டுப்படுத்துகிறது. 1998இல் பிரிட்டனின் பெரிய நீண்டகால ஆய்வு வெளியானது. பருத்த உடம்புக்காரர்களுக்கு இன்சுலினையும் சல்ஃபா குடும்பத்தையும் விட இதில் எடை கூடுவது குறைவு, மாரடைப்பும் குறைகிறது என்று அது காட்டிய பிறகுதான் இது முதல் மருந்தாக ஏறியது. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலக்கும் என்பதால் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள்.

கடைசிக் கட்டம் ஒரு பல்லி வகையிடமிருந்து வந்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பிராணி இருக்கிறது. வருஷத்துக்குச் சில தடவை மட்டுமே வயிறாரத் தின்று காலம் தள்ளும். அதன் விஷத்திலிருந்து 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் பிரித்தெடுத்த பொருள், நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே வேலை செய்தது. 2005இல் எக்ஸெனடைட் ஊசியாக அது மருந்துக்கடைக்கு வந்தது. இன்றைய செமாக்ளூடைட் அதே வழியில் வந்த தம்பி. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையில் பசியையே அடக்கும். ஆலன் பூட்டுப்போட்டுச் செய்ததை ஊசி உள்ளிருந்து செய்கிறது.

இப்போது சிக்கல் தலைகீழ். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இந்த ஊசி ஆரம்பித்ததும், ரெண்டு இட்லிக்கு மேல் இறங்கலை என்கிறார். கூடவே பழைய சல்ஃபா குடும்ப மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு பாதியானாலும் மாத்திரை அதே அளவில் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதனால்தான் ஊசி தொடங்கும்போது அந்த மாத்திரையை மருத்துவர்கள் குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. அவருக்கும் பாதியாக்கிவிட்டார்கள். பாக்கெட்டில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இன்னும் வைத்திருக்கிறார்.