குரூப்பை: முகவரி மாறிய பெயர்

பள்ளியின் மாணவர் பட்டியலை வகுப்புவாரியாகப் பிரிக்க இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரி போதும்: ஆப்ஜெக்ட்.குரூப்பை. இதில் 'குரூப்பை' பழைய சொல். அதற்கு முன்னால் 'ஆப்ஜெக்ட்' வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு.

'குரூப் பை' என்ற தொடரை நிரலாளர்களிடம் பரப்பியது எஸ்க்யூஎல். 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய மொழி அது. அங்கே ஒவ்வொரு குழுவும் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். வகுப்புக்கு ஒரு சராசரி மதிப்பெண் கிடைக்கும், மாணவர் பெயர்கள் வராது. ஹாஸ்கெல் இரு சொற்களையும் ஒட்டி எழுதியது, பொருளையும் மாற்றியது. அடுத்தடுத்து நிற்பவற்றை மட்டுமே அது சேர்க்கும். பைத்தானின் ஐட்டர்டூல்ஸும் அப்படித்தான். பட்டியலை முதலில் வரிசைப்படுத்தாவிட்டால் ஒரே வகுப்பு பல இடங்களில் தலைகாட்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் அண்டர்ஸ்கோர், லோடாஷ் போன்ற லைப்ரரிகள் இப்பெயரை வழக்கமாக்கின. எங்கே நின்றாலும் சேர்ப்பது, ஒருவரையும் விடாமல் வைத்திருப்பது என்ற பொருள் அங்கேதான் நிலைத்தது.

மொழியின் தரத்தை வகுக்கும் டிசி39 குழு, 2021இல் இதை எல்லா அரேக்களுக்கும் உரிய மெத்தடாகச் சேர்க்க முனைந்தது. குறுக்கே நின்றது சுகர் என்னும் பழைய லைப்ரரி. அதன் 1.4.0க்கு முந்தைய பதிப்புகள் அரேயில் இதே பெயரில் தங்கள் மெத்தடைப் பொருத்தும். பெயர் ஏற்கெனவே இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். பிரவுசரே அதைத் தந்துவிட்டால், சுகரின் நடத்தையை நம்பி எழுதிய பக்கங்கள் உடையும். அத்தகைய தளங்கள் சுமார் 660 கண்டறியப்பட்டன. பெயரை 'குரூப்' என்று குறுக்கிப் பார்த்தார்கள். அரேயையே பெயர்-மதிப்புப் பெட்டகமாகப் பயன்படுத்திய பழைய நிரல்கள் அதனோடும் மோதின. மூடூல்ஸ் லைப்ரரியால் 'கன்டெய்ன்ஸ்' 'இன்க்ளூட்ஸ்' ஆனதும், 'ஃபிளாட்டன்' 'ஃபிளாட்' ஆனதும் இதே வகை. அங்கெல்லாம் பெயர் மாறியது. இங்கே பெயர் தப்பியது, முகவரி மாறியது. ஆப்ஜெக்ட்.குரூப்பை, மேப்.குரூப்பை என இரண்டாக 2024ஆம் ஆண்டுத் தரத்தில் அது இடம்பெற்றது.

நிர்ப்பந்தத்தால் வந்த இந்த முன்னொட்டை நான் மனமார வரவேற்கிறேன். திரும்பி வரப்போவது என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. குழுவின் சாவி வெறும் சரமாக இருந்தால் ஆப்ஜெக்ட். ஒரு ஆசிரியரின் முழுப் பதிவே சாவியாக வேண்டுமென்றால் மேப். ஒரு வருத்தமும் உண்டு. ஃபில்டர், சார்ட் என்று புள்ளி வைத்துத் தொடுத்துக்கொண்டே போகிறவர், பிரிக்கும் இடம் வந்ததும் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அதுவரை எழுதிய முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருக்கிறது.