உதவியும் உரிமையும்: தன்சானிய வரலாறு உணர்த்தும் உண்மை

வறிய நாட்டிற்குச் செல்வ நாடு உதவுதல் நற்செயலே என்பதை மறுப்பாரிலர். ஆயின், உதவியை அளப்பதற்குக் கொடுத்த பொருளின் அளவை மாத்திரம் கொள்ளாது, பெற்றவரின் தன்மையையும் நோக்குதல் வேண்டும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. இருபதாம் நூற்றாண்டில் அபிவிருத்தி உதவி என்னும் பெயரால் நாடுகளிடையே நிகழ்ந்தவற்றை ஆராயுமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும். எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதிலும், எது வேண்டும் எனத் தீர்மானித்தவர் யாவர் என்பதே அவ்வரலாற்றின் தலையாய வினாவாகும். அவ்வினாவை உலகறிய எழுப்பிய நாடுகளுள் ஒன்று கிழக்காபிரிக்காவிலுள்ள தன்சானியா. அதே வினாவிற்குத் தன் மக்களிடத்துத் தவறான விடையை அளித்த நாடும் அதுவே. ஆதலின் அதன் வரலாறு ஊன்றி நோக்கற்பாலது.

தன்சானியாவின் பெரும்பகுதியான தங்கனீக்கா, முதலாம் உலகப் போர் வரை ஜேர்மனியரின் குடியேற்றநாடாக இருந்தது. பின்னர் பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டது. குடியேற்றநாடுகளின் அபிவிருத்திக்கெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1929இல் ஒரு சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் பிரித்தானியாவின் வணிகத்தையும் கைத்தொழிலையும் பெருக்குதலைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே கூறியது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் நலத்தையும் சேர்த்துக்கொண்டது. எனினும், எந்த நிலத்தில் எப்பயிர் விளைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இலண்டனிலேயே நிலைபெற்றிருந்தது.

அவ்வதிகாரம் விளைத்த கேட்டிற்கு நிலக்கடலைத் திட்டம் தக்க சான்றாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது பிரித்தானிய மக்கள் எண்ணெய், கொழுப்பு வகைகளின்றி இடருற்றனர். ஈழத்தவர் கச்சான் என வழங்கும் நிலக்கடலையைத் தங்கனீக்காவிற் பெருமளவிற் பயிரிட்டு இக்குறையைத் தீர்க்கலாம் என ஐக்கிய ஆபிரிக்கக் கம்பனியின் தலைவர் பிராங்க் சாமுவேல் 1946இல் யோசனை கூறினார். அவ்வாண்டே ஜோன் வேக்பீல்ட் என்பாரின் தலைமையில் ஒரு குழு சென்று, ஒன்பது வாரங்களில் தன் ஆய்வை முடித்தது. 32 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஆறாண்டுகளில் பண்படுத்தலாம் என்றும், சுமார் 2 கோடி 40 இலட்சம் பவுண் செலவாகும் என்றும் அக்குழு மதிப்பிட்டது. திட்டத்திற்குப் பொறுப்பாயிருந்தது குடியேற்றநாட்டு அமைச்சன்று. ஜோன் ஸ்ட்ராச்சியின் பிரித்தானிய உணவு அமைச்சே. யாருடைய பசி கருதப்பட்டது என்பதை இவ்வொன்றே உணர்த்தும்.

திட்டம் தொடங்கிய கொங்வா என்னும் இடம் கோகோ இன மக்கள் வாழும் வறள்நிலமாகும். மழை பொய்ப்பதும் பஞ்சம் நேர்வதும் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. மன்னாரிலும் காணப்படும் பெருக்கமரம் அங்கே வானோங்கி நின்றது. அதனை வேரோடு பெயர்த்தல் பெரும்பாடாயிற்று. போரிற் பயன்பட்ட தாங்கிகளை உழவுயந்திரங்களாக மாற்றியும் பயன் விளையவில்லை. மழையின்றேல் மண் கல்லென இறுகிற்று. அதனுட் கலந்திருந்த மணல் கலப்பைகளின் இரும்பைத் தேய்த்தது. முதலாண்டில் 150,000 ஏக்கர் பண்படுத்தக் கருதியிருந்தும் 7,500 ஏக்கரளவே கைகூடிற்று. 1951 தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. இழப்பு சுமார் 3 கோடி 60 இலட்சம் பவுண். பணமும் பொறியும் குறைவின்றி இருந்தன. அந்நிலத்தில் வாழ்ந்தோரின் அறிவுக்கு மாத்திரம் அங்கே இடமிருக்கவில்லை.

இதனை அடுத்து உலுகுரு மலைநாட்டில் மண்ணரிப்பைத் தடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. மலைச்சரிவுகளிற் படிவரிசை வயல்களை அமைக்குமாறு உழவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். மேல்மண் மெலிந்த அந்நிலத்தில், வெட்டுந்தோறும் வளமற்ற அடிமண்ணே மேலெழுந்தது. மக்கள் 1955இற் கிளர்ந்தெழுந்தனர், திட்டம் ஒழிந்தது. இதற்கு முந்திய ஆண்டில் ஜூலியஸ் நைரேரேயின் தலைமையிற் 'தானு' என்னும் தேசியக் கட்சி தோன்றியிருந்தது. நன்மை என்ற பெயரால் வந்த கட்டாயங்களும் அக்கட்சிக்கு நாட்டுப்புறத்தில் ஆதரவு பெருகக் காரணமாயின.

1961 டிசம்பர் 9ஆந் திகதி தங்கனீக்கா சுதந்திரம் பெற்றது; 1964இற் சான்சிபாருடன் இணைந்து தன்சானியா ஆயிற்று. சுதந்திரம் வந்தபின்னரும் அபிவிருத்திக்கான பணம் பிறநாடுகளிடமிருந்தே எதிர்பார்க்கப்பட்டது. அவ்வெதிர்பார்ப்பின் விலை 1965இல் தெளிவாயிற்று. கிழக்கு ஜேர்மனியின் தூதரகத் தொடர்பு காரணமாக மேற்கு ஜேர்மனி தன் படைத்துறை உதவியை மீட்டுக்கொண்டது. நைரேரே ஏனைய உதவியையும் எடுத்துச் செல்லுமாறு கூறிவிட்டார். அவ்வாண்டிறுதியில், ரொடீசியாவின் வெள்ளையர் சிறுபான்மை ஆட்சியைப் பிரித்தானியா அடக்கவில்லை என்பதனால் அதனுடன் உறவை முறித்தார். 75 இலட்சம் பவுண் கடன் கைநழுவியது. கொள்கையைக் காத்தால் கடன் போகும். கடனைக் காத்தால் கொள்கை போகும் என்பது அந்நாடு கற்ற முதற் பாடம்.

இவ்வனுபவத்தின் பின் எழுந்ததே 1967 பெப்ரவரி 5ஆந் திகதி வெளியான அருஷாப் பிரகடனம். வறிய நாடு தன்னிடமில்லாத பணத்தைத் தன் முன்னேற்றத்தின் தலைமைக் கருவியாகக் கொள்ளல் பேதைமை என்றும், நன்கொடையும் கடனும் அளவிறந்தால் சுதந்திரம் குறைவுறும் என்றும், மக்களும் நிலமும் நல்ல கொள்கையும் நல்ல தலைமையுமே அபிவிருத்திக்கு அடிப்படை என்றும் அது வலியுறுத்தியது. கட்சித் தலைவர்கள் இரட்டைச் சம்பளம் பெறுதலையும் வீடுகளை வாடகைக்கு விடுதலையும் அது தடுத்தது. உதவியை அது முற்றாக வெறுத்ததென எண்ணுதல் பிழை. உதவி துணையாக இருக்கலாம், அடித்தளமாகலாகாது என்பதே அதன் கொள்கை.

பிரகடனத்தின் பின் தன்சானியாவிற்கு வந்த உதவி குறையவில்லை, பெருகவே செய்தது. தன்மானமுடைய நாடென அதனை மதித்த நோர்டிக் நாடுகள் முதலியன மிகுதியாக உதவின. தன்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் இருப்புப்பாதை இக்காலத்து ஆக்கங்களுட் சிறந்தது. உலக வங்கியின் 1964ஆம் ஆண்டு ஆய்வு இப்பாதை பொருளாதாரப் பயன் தராதெனக் கண்டது. ஆயின், வெள்ளையர் ஆட்சி நிலவிய நாடுகளின் வழியன்றிச் சாம்பியாவின் செம்பைக் கடலுக்குக் கொணர்தல் இரு நாடுகளின் விருப்பம். சீனாவின் வட்டியில்லாக் கடனால் 1970இல் தொடங்கி, 1,860 கிலோமீற்றர் நீளமான பாதை 1975இல் முற்றுப்பெற்றது. பேணுதற் குறைவாற் பின்னர் அது நலிவுற்றதாயினும், உதவி பெறுவோர் தம் தேவையைத் தாமே கூறிப் பெற்றது அது என்பதை மறுத்தல் இயலாது.

இதுவரை கூறியவற்றால் தவறு அந்நியரிடத்து மாத்திரமே இருந்ததெனக் கருதுதல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. தன்சானியாவின் தென்பகுதியில், சொங்கேயாவை அடுத்த லித்தோவா முதலிய ஊர்களில், இளைஞர் சிலர் 1960களின் தொடக்கத்திலேயே கூட்டாக உழுது, பள்ளி நடத்தி, தம் காரியங்களைத் தாமே கூடிப்பேசி முடிவுசெய்து வாழ்ந்தனர். ருவுமா அபிவிருத்திச் சங்கம் எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பு, அருஷாப் பிரகடனம் சொல்லாற் கூறியதைச் செயலிற் காட்டியது. நைரேரேயும் அதனைப் போற்றினார். ஆயினும் கட்சியின் மத்திய குழு 1969இல் அச்சங்கத்தைக் கலைத்துவிட்டது. தமக்குத் தாமே வழிகண்ட மக்களைக் கண்டு அரசியலாளர் அஞ்சினர் போலும்.

அதன் பின் நிகழ்ந்தது துயர் தருவது. எல்லாரும் 1976ஆம் ஆண்டளவிற் கிராமங்களிற் கூடி வாழல் வேண்டும் என 1973இல் நைரேரே அறிவித்தார். பல இலட்சம் மக்கள் தம் பழைய குடியிருப்புகளினின்றும் பெயர்க்கப்பட்டனர். பலவிடங்களில் வற்புறுத்தலும் வன்முறையும் நேர்ந்தன. திரும்பிச் செல்லாதவாறு வீடுகள் அழிக்கப்பட்டதும் உண்டு. பள்ளியும் மருந்தகமும் பெருகியமை மெய்யே. எனினும், எந்நிலம் எப்பயிர்க்கு உகந்தது என்பதை உழவன் அறிவான் என்னும் உண்மையை உலுகுருவில் மறந்தவர் அந்நியர். இப்பொழுது மறந்தவர் அவனுடைய சொந்தத் தலைவர். 'உஜமா' எனின் குடும்பத்துவம் என்பது பொருள். குடும்பத்தாரைக் கேளாது கட்டளையிடும் இடத்தில் அச்சொல் தன் பொருளை இழந்துவிடுகின்றது.

1970களின் பிற்பகுதியில் எண்ணெய் விலையேற்றமும், இடி அமீனின் உகண்டாவுடன் மூண்ட போரும் நாட்டை வறுமைக்குள் ஆழ்த்தின. சர்வதேச நாணய நிதியம் விதித்த நிபந்தனைகளைக் கண்ட நைரேரே, உலகமனைத்திற்கும் நிதி அமைச்சாக அந்நிதியம் எப்பொழுது ஆயிற்று என 1980இல் வினவினார். வினா நேர்மையானதே, விடையளிப்பாரிலர். அவர் 1985இற் பதவி விலகினார். அடுத்த ஆண்டே அவர்க்குப் பின் வந்த அலி ஹசன் முவின்யியின் அரசு நிதியத்துடன் உடன்பட்டது.

1990களின் முற்பகுதியில் உதவுவோர்க்கும் அரசுக்குமிடையே நம்பிக்கை சிதைந்தது. கனடியப் பொருளியலறிஞர் ஜெரால்ட் ஹெலைனரின் தலைமையில் ஐவர் கொண்ட குழு டென்மார்க்கின் ஆதரவுடன் அமைக்கப்பட்டது. ஐவருள் இருவர் தன்சானியர். 1995இல் வெளியான அதன் அறிக்கை இரு சாராரையும் கண்டித்தது. உதவுவோர் அளவிறந்து தலையிட்டனர் என்றும், அரசு தன் பொறுப்பை நழுவவிட்டதோடு ஊழலையும் அடக்கவில்லை என்றும் கூறி, அபிவிருத்தியின் உரிமை தன்சானியரிடமே இருத்தல் வேண்டும் என வற்புறுத்திற்று. நாடுகள் பல கூடி 2005இல் வெளியிட்ட பாரிஸ் பிரகடனமும், உதவி பெறும் நாட்டின் உரிமையையே தன் ஐந்து கோட்பாடுகளுள் முதலாவதாக வைத்தது. ஆயினும் 2010ஆம் ஆண்டிற்கென வகுத்த 13 இலக்குகளுள் உலகளவில் நிறைவேறியது ஒன்றே. கையொப்பம் எளிது, கையிலுள்ள அதிகாரத்தை விடுதல் அரிது.

2025இல் அமெரிக்க அரசின் யூசெயிட் நிறுவனம் மூடப்பட்டமை, பிறர் கைப்பொருளை நம்பிய திட்டங்கள் ஒருநாளில் ஒழியக்கூடும் என்பதைப் பல நாடுகளுக்கும் காட்டிற்று. அருஷாவில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை அதனாற் பழமையுறவில்லை.

குடியேற்றநாட்டு ஆட்சி, கொடியை இறக்கிய நாளிலே முடிந்துவிடுவதன்று. உனக்கு நன்மை எதுவென்பதை உன்னிலும் நான் நன்கறிவேன் என்னும் எண்ணமே அதன் உயிர்நிலை. அவ்வெண்ணம் இலண்டனிலுள்ள அமைச்சிலிருந்து வந்தாலும், வாசிங்டனிலுள்ள நிதியத்திலிருந்து வந்தாலும், சொந்த நாட்டுத் தலைநகரிலிருந்து வந்தாலும் உழவனுக்கு நேரும் கேடு ஒன்றே. கொங்வாவின் வறள்நிலத்தில் வீணானது பணம். லித்தோவாவிற் கலைக்கப்பட்டதோ மக்களின் தன்னம்பிக்கை. முன்னையதை மீண்டும் ஈட்டலாம். பின்னையதை எந்த நாட்டின் உதவியாலும் ஈடுசெய்தல் இயலாது.