ஐந்து சகோதரர்கள், ஒரே கப்பல்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்று ஓர் ஊர். அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த தாமஸ் சல்லிவனுக்கு ஐந்து மகன்கள்: ஜார்ஜ், ஃபிராங்க், ஜோ, மாட், ஆல். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது இவர்களின் நண்பர் ஒருவரும் இறந்தார். அடுத்த மாதமே ஐவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். ஒரே நிபந்தனை: எங்களைப் பிரிக்கக் கூடாது.

சகோதரர்களைத் தனித்தனிக் கப்பல்களுக்கு அனுப்பும் கொள்கை கடற்படையில் இருந்தது. ஆனால் கண்டிப்பாகப் பின்பற்றப்படவில்லை. ஐவரும் 'ஜூனோ' என்ற போர்க்கப்பலில் ஏறினார்கள். மூத்தவர் ஜார்ஜுக்கு 27 வயது. கடைக்குட்டி ஆலுக்கு 20. அவருக்கு மனைவியும் சின்னக் குழந்தையும் இருந்தார்கள்.

1942 நவம்பர் 13. பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக்கு அருகே நடந்த இரவுச் சண்டையில் ஜூனோ சேதமடைந்தது. காலையில் மற்றக் கப்பல்களோடு திரும்பும்போது ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோ தாக்கியது. ஜூனோ வெடித்து, சில நொடிகளில் மூழ்கியது.

பள்ளிப் பாடமாக இருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

சுமார் 100 பேர் உயிரோடு தண்ணீரில் கிடந்தார்கள். யாரும் பிழைத்திருக்க முடியாது என்று நினைத்தும், நீர்மூழ்கிக்குப் பயந்தும் மற்றக் கப்பல்கள் நிற்காமல் போய்விட்டன. மேலே பறந்த விமானத்திடம் செய்தி சொன்னார்கள். அந்தச் செய்தி காகிதக் குவியலில் கிடந்தது. மீட்பு வர எட்டு நாள் ஆனது. காயம், தாகம், சுறாக்கள். கடைசியில் பிழைத்தவர்கள் பத்தே பேர். ஜார்ஜ் சில நாட்கள் மிதவையில் உயிரோடு இருந்தார், தம்பிகளைத் தேடிக்கொண்டே இருந்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

1943 ஜனவரி 12 அன்று வீட்டுக்குச் செய்தி வந்தது. ஐவருமே இல்லை. பிறகு பெற்றோர் ஊர் ஊராகப் போய்ப் போர்ப் பத்திரங்கள் வாங்கச் சொல்லிப் பேசினார்கள். போஸ்டர், சினிமா, இவர்கள் பெயரில் ஒரு கப்பல் என எல்லாம் வந்தன. 'ஒன்றாகவே வாழ்ந்து ஒன்றாகவே இறந்தார்கள்' என்ற கதையை நாடே கொண்டாடியது. தண்ணீரில் விடப்பட்டவர்களைப் பற்றி அந்தப் போஸ்டர்களில் ஒரு வரிகூட இல்லை.

சகோதரர்கள் ஒரே கப்பலில் இருக்கக் கூடாது என்று இதற்குப் பின் சட்டம் வந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் வரவில்லை. போரில் பிள்ளைகளை இழந்த குடும்பத்தில் எஞ்சிய ஒரே மகனுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு அளிக்கும் சட்டம்தான் 1948இல் வந்தது.

ஜூனோவில் இறந்தவர்கள் 687 பேர். நாம் பெயர் சொல்லி நினைப்பது ஐந்து பேரை. வீரக்கதை எதைப் படித்தாலும், அதில் சொல்லாமல் விட்டது யாரை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.