ஜிக்ஜாக் பிறந்த கதை

மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைச் சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவர்கள் உச்சியைப் பார்த்து நேராக நடப்பதில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம் போய், சட்டென்று திரும்பி வலப்பக்கமாக ஏறுவார்கள். மறுபடியும் ஒரு திருப்பம். இப்படி ஒடிந்து ஒடிந்து போகும் கோட்டைத்தான் ஜிக்ஜாக் என்கிறோம். நம் வீடுகளுக்குள் இந்தச் சொல் வந்தது மலை வழியாக அல்ல, தையல்கடை வழியாக. புதுச்சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஜிக்ஜாக் அடிக்கக் கொடுக்காத வீடு உண்டா? ஓரத்து நூல் பிரியாமல் இருக்க அந்த ஒடிசல் தையல்தான் காவல்.

ஆனால் இந்தக் கோடு பேர் வாங்கியது போர்க்களத்தில். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கோட்டையை முற்றுகையிட்டவர்கள், பள்ளம் வெட்டி அதற்குள் பதுங்கியபடியே மதிலை நெருங்குவார்கள். பள்ளம் நேராக இருந்தால் மதில்மேல் இருக்கும் பீரங்கிக்குக் கொண்டாட்டம். ஒரே குண்டு பள்ளத்தின் நெடுகிலும் உருண்டு எல்லாரையும் சாய்த்துவிடும். அதனால் சாய்வாகக் கொஞ்சம் வெட்டி, திரும்பி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வெட்டினார்கள். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில், மதிலுக்கு இணையாக ஓடும் பள்ளங்களை இத்தகைய ஒடிசல் பள்ளங்களால் இணைத்து, அந்த வித்தையை ஒழுங்கான முறையாக்கினார் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பள்ளங்களுக்குச் சொன்ன பெயர்தான் பிறகு ஆங்கிலத்துக்கும் போனது.

மலையில் பீரங்கி இல்லை, சரிவுதான் எதிரி. கணக்கு எளிது. நூறு அடிக்கு முப்பது அடி உயரும் சரிவில், நூறு அடிக்கு ஐந்தடி மட்டுமே ஏறும் சாலை வேண்டுமென்றால், அதன் நீளம் ஏறக்குறைய ஆறு மடங்காகும். அவ்வளவு நீளத்தை ஒரே மலைமுகத்தில் எங்கே கிடத்துவது? மடித்து மடித்துத்தான் வைக்க வேண்டும். மடிப்பு விழும் இடம்தான் கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைச் சாலையில் அப்படி 70 வளைவுகள். ரயிலால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது. அதனால் 1881இல் முடிந்த டார்ஜிலிங் பாதையில், ரயில் முன்னால் ஏறி, நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னால் போகும்படி செய்தார்கள்.

கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இங்கே ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதிவைத்தார். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் மலை அப்படியே கிடந்தது. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் வேலை தொடங்கியது; 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. வழி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வரைபடத்தில் தாப்பாவையும் மலைமேல் உள்ள தானா ராத்தாவையும் நூல் பிடித்தால் பாதியைவிடச் சற்றுத்தான் கூடுதல். மீதியெல்லாம் வளைவு தின்றது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இந்தச் சாலை உருவான காலத்துப் பிள்ளை. தோட்டங்களில் உழைக்க வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள். அவர்கள் காலடியில் உண்டான ஒற்றையடிப் பாதைகளுக்கு எந்தப் பொறியாளரும் திட்டம் போடவில்லை. சுமையோடு ஏறுகிற முழங்காலே போதும், கணக்கைச் சொல்லிவிடும். அதோடு இங்கே மழைக்கும் குறைவில்லை. நேராக இறங்கும் தடம் நாலு மழையில் ஓடையாகிவிடும். மண்ணும் கூடவே போய்விடும்.

கம்போங் ராஜாவுக்கு இப்போது சிம்பாங் புலாய் வழியாக அகலமான புதுச்சாலை இருக்கிறது. வளைவு குறைவு, காய்கறி லாரிகளுக்கு வசதி. இருந்தாலும் வளைந்து போக வேண்டிய இடங்களில் மலையையே ஆழமாக வெட்டியதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். மண்சரிவால் அந்தச் சாலை மூடப்பட்டதுண்டு. சரிவைத் தாங்கிப் பிடிக்கும் வேலைகளும் ஓய்ந்தபாடில்லை.

தலைசுற்றல் உள்ளவர்கள் சிம்பாங் புலாய் வழியே வாருங்கள். பழைய சாலையில்தான் வருவேன் என்பவர்கள், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறையுங்கள். வளைவில் எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது அந்த ஓட்டுநருக்குத்தான் பெரும்பாடு.