இணையக் கற்றல் தளங்களின் தொடர் பயன்பாடு: ஜொகூர் பல்கலைக்கழகச் சூழல்

பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் ஓர் இணையக் கற்றல் தளத்தில் முதன்முறை நுழைந்தபின், அதைக் கைவிடாமல் பருவந்தோறும் பயன்படுத்தி வருவது தொடர் பயன்பாடு எனப்படும். ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கும் அதிலேயே நிலைத்திருப்பதற்கும் காரணங்கள் வேறுவேறு என்பதால், ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியே ஆராய்கின்றனர்.

மலேசியாவில் இதை நெருங்கிப் பார்க்க ஜொகூர் பாரு மாவட்டம் ஏற்ற இடம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (யூ.டி.எம்.) முதன்மை வளாகம் ஸ்கூடாயில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், கோத்தா திங்கி செல்லும் சாலையில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறமாக இருந்து வீடமைப்புப் பகுதிகளாக வளர்ந்த உலு திராம் இருக்கிறது. வளாகத்தின் கம்பியில்லா இணையத்தையும் அங்குள்ள வீட்டில் கைத்தொலைபேசித் தரவையும் மாறிமாறி நம்பியிருக்கும் மாணவருக்கு, தளம் பயன்படுமா என்பது அன்றாடக் கேள்வி.

மலேசிய உயர்கல்வி இணையத்துக்குப் புதியதன்று. மெய்நிகர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய துன் அப்துல் ரசாக் பல்கலைக்கழகம் 1997இலும், வேலை செய்துகொண்டே படிப்போருக்கான மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000இலும் நிறுவப்பட்டன. தேசிய மின்கற்றல் கொள்கை 2011இல் வந்தது. 2014இல் அரசுப் பல்கலைக்கழகங்களின் பொதுப் பாடங்கள் சில 'ஓப்பன் லேர்னிங்' தளத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. 2015இல் வெளியான உயர்கல்வி வரைவுத் திட்டம், 70 விழுக்காடு வரையிலான படிப்புகளில் நேரடி வகுப்பும் இயங்கலையும் கலந்த முறை வேண்டும் என்றது.

யூ.டி.எம். உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களின் தளங்கள் 'மூடுல்' என்னும் கட்டற்ற மென்பொருளின் மேல் எழுந்தவை. 2002இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியமாஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, வானொலி வழியாகவே பள்ளிப் பாடம் கேட்டவர். தொலைவில் இருக்கும் பிள்ளையின் நிலையை அறிந்த ஒருவரின் கைவண்ணம் அது. பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாதபோதும் படிக்க அதன் கைத்தொலைபேசிச் செயலி இடம் தருகிறது. அலைவரிசை வலுவில்லாத வீட்டில் இந்த ஒரு வசதியின் அருமை தெரியும்.

தொடர் பயன்பாட்டைப் பற்றிய கோட்பாடு வாணிகத் துறையிலிருந்து வந்தது. வாங்கும் முன் இருந்த எதிர்பார்ப்போடு கிடைத்ததை ஒப்பிட்டே வாடிக்கையாளர் நிறைவடைகிறார் என ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் விளக்கினார். 1989இல் ஃபிரெட் டேவிஸ், ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு அதன் பயனும் எளிமையும் காரணம் என்றார். இணையவழி வங்கிச் சேவை பயன்படுத்துவோரை ஆராய்ந்த அனோல் பட்டாச்சார்ஜி, 2001இல் இவ்விரு சிந்தனைகளையும் இணைத்தார். எதிர்பார்த்தது நடந்தால் மனநிறைவு வரும். நிறைவும் பயனும் சேர்ந்தால் தொடரும் எண்ணம் வரும் என்பது அவர் மாதிரி. பழக்கம் ஊறிய பின் எண்ணத்தின் பங்கு குறைந்துவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் வங்கி வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் விலகலாம். பல்கலைக்கழக மாணவரால் அப்படி விலக முடியாது. இடுபணியைத் தளத்தில்தான் ஏற்ற வேண்டும். புதிரும் மதிப்பெண்ணும் அங்கேதான். ஆகவே எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்துத் தளம் வெற்றி பெற்றது என்று சொல்வது சரியல்ல. கட்டாயத்துக்கு அப்பால் மாணவர் என்ன செய்கிறார் என்பதே பார்க்க வேண்டியது. கெடு முடிவதற்கு ஒரு நிமிடம் முன் கோப்பை ஏற்றிவிட்டு வெளியேறுபவரும், விடைத்தாளின் ஓரத்தில் விரிவுரையாளர் எழுதிய குறிப்பைத் திறந்து படித்து, பழைய விரிவுரைக்குத் திரும்பிப் போகிறவரும் உள்நுழைவுக் கணக்கில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

அந்தக் குறிப்பு அங்கே இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் மாணவரை நிறுத்தி வைக்கிறது. 14 விரிவுரை வாரங்களில் மூன்றாவது வாரத்தோடு புதிய கோப்பு எதுவும் வராத பக்கத்துக்கு எவரும் தாமாகத் திரும்புவதில்லை. மாணவர் வராத கலந்துரையாடல் பக்கத்தில் விரிவுரையாளரும் நெடுநாள் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். இருவரின் தொடர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. மாணவரை மட்டும் வினாநிரலால் அளக்கும் ஆய்வுகள் இதைத் தவறவிடுகின்றன.

விரிவுரையாளருக்கு வேறு காரணங்களும் உண்டு. சென்ற பருவத்துப் பாடப் பக்கத்தை நகலெடுத்துத் திருத்திக்கொள்ளலாம். பல நூறு பேர் எடுக்கும் பாடத்தில் புதிர்களைத் தளமே திருத்தும். தரத் தணிக்கைக்கு வேண்டிய சான்றுகள் ஓரிடத்தில் சேரும். மறுபக்கம், காணொளி தயாரிக்கச் செலவிடும் மணிநேரங்கள் பணிச்சுமைக் கணக்கில் ஏறாதபோது ஆர்வம் வற்றுகிறது. அறிவிப்புகள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் டெலிகிராமுக்கும் நகர்வது அப்போதுதான். அங்கே பதில் உடனே கிடைக்கிறது. ஆனால் பரீட்சை வாரத்தில் தேடினால் குறிப்புகள் அகப்படுவதில்லை.

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு இறுதி வரை பெரும்பாலான படிப்புகள் இயங்கலையிலேயே நடக்கும் என உயர்கல்வி அமைச்சு மே மாதம் அறிவித்தது. விருப்பம், நிறைவு எல்லாம் பின்னுக்குப் போய், கருவியும் இணைப்பும் முன்னுக்கு வந்தன. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுதுவதற்காக மரத்தில் ஏறி இணையம் தேடிய செய்தி நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டே ஜென்டேலா என்னும் தேசிய இணைப்புத் திட்டம் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்ப மாணவருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டமும் பின்னர் வந்தது. ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளில் இருந்த வீடுகளின் சிக்கலை எந்தத் தளமும் தனியாகத் தீர்த்திருக்க முடியாது.

தமிழில் படிப்போருக்கு இன்னொரு தடை இருந்தது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியராகப் பயில்பவர், தளத்தின் கலந்துரையாடலில் தமிழிலேயே எழுத வேண்டுமானால் தட்டச்சு எளிதாக இருக்க வேண்டும். ஒருங்குறி பரவியதும், மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தட்டச்சு மென்பொருள்களும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் அந்த வழியைத் திறந்தன.

வளாகங்கள் மீண்டும் திறந்தபின் நேரலைக் காணொளி வகுப்புகள் குறைந்தன. குறிப்பேற்றம், இடுபணி ஒப்படைப்பு, புதிர் ஆகியவை நிலைத்துவிட்டன. நேரலை வகுப்பை இன்றும் விரும்பிக் கேட்பவர்கள் பகுதிநேர மாணவர்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜொகூர்வாசிகள் ஏராளம்; பாலம் கடந்து வீடு திரும்புவதற்குள் இரவாகிவிடும் ஒருவருக்கு, வளாக வகுப்பு என்றால் படிப்பையே விட வேண்டியிருக்கும்.