கிளை (சமூகப் பிரிவு)

கிளை என்பது, தமிழ்ச் சமூகங்கள் சிலவற்றில், ஒரு சாதிக்குள் ஒரே வழியில் வந்தவராகத் தம்மைக் கருதும் சிறு குழுவைக் குறிக்கும் சொல் ஆகும். ஒரே கிளையினர் தமக்குள் மணம் செய்துகொள்ளாமை இதன் முதன்மையான பண்பாகும்.

சொற்பொருள்

மரக்கொம்பைக் குறிக்கும் இச்சொல், சங்க நூல்களிலேயே உறவினர், சுற்றம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. விலங்குகளின் கூட்டமும் கிளை எனப்பட்டது. திருக்குறளில் (குறள் 796) வரும் கிளைஞர் என்பதும் இதன் வழிவந்ததே.

உட்சாதியும் கிளையும்

இவ்விரண்டையும் 'உட்பிரிவு' என ஒரே சொல்லால் குறிப்பது பரவலாக உள்ளது. இது குழப்பத்துக்கு இடமளிக்கிறது. உட்சாதி என்பது தனக்குள்ளேயே மணம் கொள்ளும் குழு. கிளையோ தனக்கு வெளியேதான் மணம் கொள்ளும். அதாவது, மண உறவைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

கொண்டையங்கோட்டை மறவர்

கிளை அமைப்பிற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது தென்தமிழகத்தின் கொண்டையங்கோட்டை மறவர் சமூகமாகும். எட்கர் தர்ஸ்டன் 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவர்களிடையே 6 கொத்துகளும், கொத்துக்கு மூன்றாக 18 கிளைகளும் குறிக்கப்பட்டுள்ளன. கொத்துகளின் பெயர்கள் மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சம், பனை எனத் தாவரப் பெயர்களாகவே அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது.

இங்கு பிள்ளைகள் தந்தையின் கிளையை அன்றித் தாயின் கிளையையே சேர்வர். இதன் விளைவு எளிதில் புலப்படாதது. ஒருவனுக்கு அவனுடைய அக்காள் மகள் ஒரே கிளையினள் ஆகிறாள். எனவே தமிழகத்தின் பிற பகுதிகளில் வழக்கிலுள்ள தாய்மாமன் மணம் இங்கு விலக்கப்பட்டதாகும். மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கிளையினராக இருப்பதால் அம்மணங்களுக்குத் தடை இல்லை. எனினும் கிளை வேறாக இருப்பது மட்டுமே போதாது. சித்தப்பாவின் மகள் வேறு கிளையில் பிறந்திருந்தாலும் தங்கை முறையே ஆவாள்.

கொங்கு வேளாளரின் 'கூட்டம்' இதே பணியைச் செய்யும் அமைப்பு. ஆனால் அது தந்தைவழிப்பட்டது.

சட்டநிலை

ஒரே கோத்திரத்தாரிடையே நிகழும் இந்துத் திருமணங்கள் செல்லும் என 1946 இல் இயற்றப்பட்ட சட்டம் ஏற்றது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய இரத்த உறவையே தடையாகக் கொள்கிறது. அதிலும் வழக்காற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, ஒரே கிளையினர் என்னும் காரணத்தால் மட்டும் ஒரு திருமணம் சட்டப்படி செல்லாததாகிவிடாது. ஊரும் உறவும் அதனை ஏற்குமா என்பது வேறு.

பிற வழக்குகள்

கிளைமொழி, கிளைக்கதை, கட்சிக் கிளை, வங்கிக் கிளை முதலியவற்றில் முழுமையிலிருந்து பிரிந்த பகுதி என்னும் பொருளே நிற்கிறது. உறவு என்னும் பழம்பொருள் தமிழிசையில் எஞ்சியுள்ளது. அங்கு ஒரு நரம்பிற்கு ஐந்தாவதாக நின்று இயைந்து ஒலிக்கும் நரம்பு கிளை எனப்படும்.